நடு விழாத எழுத்து

ஜப்பானியர் வந்த இரண்டாம் ஆண்டில், சிடாம் கிரியை அடுத்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் வாசலில் ஒரு வரவேற்புப் பலகை ஏற்றப்பட்டது. அதனை எழுதியவன் அப்பளசாமி. பால்மரம் வெட்டும் வேலையோடு, கோயில் திருவிழாவுக்குத் தட்டி எழுதுவதையும் தன் தொழிலாகச் சொல்லிக்கொள்பவன். அந்தப் பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வால் இருந்தது. ஒவ்வொரு வாலின் நுனியிலும் ஒரு மாவிலை இருந்தது. எழுத்துகளுக்குப் பின்னால் சிவப்பில் ஒரு நிழலும், அந்நிழலுக்குப் பின்னால் மஞ்சளில் இன்னொரு நிழலும் இருந்தன. ஒரே பொருளுக்கு இரண்டு நிழல் விழ வேண்டுமானால் வானத்தில் இரண்டு சூரியன் இருக்க வேண்டும் என்னும் அறிவுகூட இல்லாதவன் எழுத்தெழுதப் புறப்பட்டானே என்று பரஞ்சோதிக் கிராணி வயிறெரிந்தார். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அப்பலகையின் அடியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டே நடந்தார்.

பரஞ்சோதி அத்தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகள் மரப்பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறிய காலத்தில், பெட்டியின் மேல் தோட்டத்துப் பெயரைக் கறுப்பு மையில் பதிப்பது அவர் பொறுப்பாக இருந்தது. அதற்கென்றே வெள்ளைக்கார மேனேஜர் சீமையிலிருந்து பித்தளை ஸ்டென்சில் தகடுகளைத் தருவித்திருந்தார். தகட்டில் எழுத்தின் உருவம் வெட்டப்பட்டிருக்கும். தகட்டைப் பெட்டியின்மேல் அழுத்திப் பிடித்து, மொட்டைத் தூரிகையால் மையை ஒற்றினால், வெட்டிய இடத்தில் மட்டும் மை இறங்கும். பெட்டியின் பலகையோ குறுகியது; தோட்டத்தின் பெயரோ நீண்டது. ஆதலின் அவ்வெழுத்துகள் ஒல்லியாகவும் உயரமாகவும், தோளோடு தோள் நெருங்கி நிற்கும் சிப்பாய்களைப் போல விறைப்பாகவும் இருந்தன. வாலில்லை, பூவில்லை, குழைவில்லை. கப்பல் துறையில் நிற்பவன் தொலைவிலிருந்தே படித்துவிடலாம்.

அவ்வெழுத்துகளில் அங்கங்கே கோடு அறுபட்டிருக்கும். அறியாதார் அதனைப் பழுதென்று கருதுவர். வட்டத்தை முழுவதும் வெட்டினால், வட்டத்தின் நடு தகட்டோடு ஒட்டி நிற்க வழியின்றிக் கீழே விழுந்துவிடும். பிறகு மை ஒற்றினால் வட்டத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பொட்டுத்தான் கிடைக்கும். நடுவைத் தாங்குவதற்காக வெட்டாமல் விடப்படும் அச்சிறு துண்டைப் பரஞ்சோதி ‘பாலம்’ என்று அழைத்தார். பாலத்தை எவ்விடத்தில் விடுவது, எத்துணை அகலம் விடுவது என்பதில்தான் ஒருவனுடைய மூளை வெளிப்படும் என்பது அவர் கொள்கை. அந்த அளவுகோலால் அளந்து பார்த்ததில், தோட்டத்தில் தம்மைத் தவிர வேறொருவருக்கும் மூளை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

மேனேஜர் தப்பியோடியபோது பித்தளைத் தகடுகளையும் எவரோ வாரிக்கொண்டு போய்விட்டனர். பரஞ்சோதி கலங்கவில்லை. மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, சிற்றுளியால் அதே சாயலுள்ள எழுத்துகளைத் தாமே வெட்டினார். அதனோடு நில்லாமல், தமிழெழுத்துகளையும் அதே ஒல்லி உடம்பில், அதே விறைப்பில் வெட்ட முற்பட்டார். ண, ன முதலிய சுழியெழுத்துகள் அவரைப் பெரிதும் அலைக்கழித்தன. சுழிக்கு ஒரு பாலம் விட்டால் நடு ஆடியது. தடித்த பாலமாக விட்டால் எழுத்து நொண்டியது. எத்தனையோ டின்களைப் பாழாக்கிய பின்னர், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, நூல்பிடித்தாற்போல் இரண்டு மெல்லிய பாலங்களை விட்டு அவர் வென்றார். அந்த வெற்றியின் அடையாளமாக ஸ்டோர்ச் சுவரில் ‘உள்ளே நின்று சுருட்டுப் பிடிக்காதே’ என்று பதித்து வைத்தார். அதனை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் எல்லோரும் சுருட்டுப் பிடித்தனர்.

நின்று பார்த்தவன் ஒரு ஜப்பானிய அதிகாரி. பார்த்ததன் விளைவை மறுநாள் நண்பகலில் மணியம் கொண்டுவந்தான்.

மணியம், பரஞ்சோதியின் மனைவி பிரேமாவதிக்குச் சித்தி மகன். முன்னாளில் சுங்கை பட்டாணிக்கும் குருணுக்கும் இடையே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். இந்நாளில் கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு ஜப்பானியருக்கு மொழிபெயர்ப்பாளன். மூன்று மொழியில் பேசுகிறான், ஒன்றிலும் அறிவில்லை என்பது அவனைப் பற்றிப் பரஞ்சோதியின் முடிவு.

“மச்சான், ஒங்களுக்கு நேரம் சரியில்ல லா,” என்று சொல்லிக்கொண்டே மணியம் அடுக்களை வாசலில் குந்தினான்.

“ஒனக்கு எப்பவாச்சும் சரியா இருந்துச்சா?”

“வெளையாடாதீங்க. அந்த லெப்டினன் ஒங்க எழுத்தைப் பாத்துட்டான். ஒல்லியா, ஒரே மாதிரி, ரொம்ப நல்லா இருக்குன்னான்.”

பரஞ்சோதியின் முதுகு தானாக நிமிர்ந்தது. “அவனுக்காவது கண்ணு இருக்கே.”

“கண்ணும் இருக்கு, லாரியும் இருக்கு. சயாம்ல ரயில் போடுற எடத்துல நம்ம ஆளுங்க கெடக்கிற காம்புக் கொட்டகைக்கெல்லாம் தமிழ்ல பலகை வைக்கணுமாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அங்க போகாத, இங்க ஒக்காராதன்னு. அங்க கெடைக்கிறது எல்லாம் ஒடுக்கமான பலகை. இந்த மாதிரி ஒடுக்க எழுத்துதான் அதுல ஒக்காருமாம். வெட்டினவனைக் கண்டுபிடி, நாளைக்கே லாரியில ஏத்துங்கிறான்.”

மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பிரேமாவதியின் கத்தி நின்றது.

சயாம் என்றால் என்னவென்று பரஞ்சோதியும் அறிவார். லாரிகளில் ஏற்றப்பட்டுப் போனவர்களுள் ஓடிவந்த ஒருவன் திகாம் பத்துச் சந்தையில் பேசினான். காய்ச்சலிலும் பேதியிலும் மனிதர் விழுவதையும், விழுந்தவரைத் தாண்டித் தண்டவாளம் போவதையும் அவன் சொல்லக் கேட்டவர்கள் வாங்க வந்த பொருளை மறந்து வீடு திரும்பினர்.

“யாருன்னு சொல்லிட்டியா?” என்று பிரேமாவதி கேட்டாள்.

“விசாரிக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கேன் அக்கா. நாளைக்குக் காலையில எவனையாவது கொண்டுபோய் நிறுத்தணும். இல்லன்னா எனக்குத்தான் அறை.”

பிரேமாவதி உரித்த கிழங்கைச் சட்டியில் போட்டாள். “அப்பளசாமி நேத்து தண்ணிக் குழாய்கிட்ட என்னா சொல்லிக்கிட்டு இருந்தான் தெரியுமா? இந்தத் தோட்டத்துல எழுத்துன்னு இருக்கிறது எல்லாம் நான் போட்டதுதான்னு. அவ்வளவு ஆசையா இருந்தா அவனே போய் நிக்கட்டும்.”

“அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குக்கா.”

“எனக்குப் புருசன் இருக்காரு.”

இவ்விடத்தில் பரஞ்சோதி துள்ளியெழுந்தார். மனைவியின் கல்நெஞ்சம் அவரை வருத்தவில்லை, வேறொன்று வருத்தியது. “என் எழுத்தை அவன் வெட்டினான்னு சொல்றதா? அந்த மாவிலைக்காரனா?”

“உயிரு போறது ஒங்களுக்குப் பெருசா தெரியல. மாவிலைதான் பெருசா தெரியுது,” என்றாள் பிரேமாவதி. “நாளைக்கு அங்க வாயைத் தொறக்கக் கூடாது. கையை நீட்டக் கூடாது. வெத்தலையை நெறைய போட்டு அடைச்சுக்கிட்டு நில்லுங்க. எனக்கு வாக்குக் குடுங்க.”

“மணியம், ஒங்கக்கா என்னைச் சின்னப்புள்ள மாதிரி...”

“வாக்குக் குடுங்க மச்சான்,” என்றான் மணியமும்.

வாக்குக் கொடுத்தார். கொடுத்த பின்னர்த் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மாவிலை வரைபவன் ஒருவன் இவ்வூரை விட்டு நீங்கினால் இவ்வூரின் அழகு சிறிது கூடும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்பளசாமியின் பிள்ளைகள் அந்தத் தேறுதலுக்குள் ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, ஸ்டோருக்கு அப்பளசாமி மாப்பிள்ளையைப் போல வந்து சேர்ந்தான். தலையில் செம்பனை எண்ணெய் வழிந்தது. அதிகாரி எழுத்தைப் பார்த்து மகிழ்ந்தார், எழுதியவனைக் காண விரும்புகிறார் என்பதற்கு மேல் மணியம் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாசலைத் தாண்டும்போதே, வாய் நிறைய வெற்றிலையோடு மூலையில் நின்ற பரஞ்சோதியைப் பார்த்து, “என்னா கிராணிண்ணே, நம்ம எழுத்துக்கு இப்பத்தான் காலம் வந்திருக்கு லா,” என்று பல்லைக் காட்டினான். பரஞ்சோதி வெற்றிலையைக் கடைவாய்க்குத் தள்ளி மென்றார்.

அதிகாரி குள்ளமானவன், அதிகம் பேசாதவன். சுவரில் இருந்த வரியைக் கைப்பிரம்பால் சுட்டி ஏதோ கேட்டான்.

“இதை வெட்டினது நீதானான்னு கேக்குறாரு,” என்றான் மணியம்.

“ஆமாங்க தொரை! எல்லாம் இந்தக் கைதாங்க!” அப்பளசாமி இடுப்பு ஒடியும்படி வணங்கினான். வணங்கிய வேகத்தில் நெற்றி ஒரு பெட்டியின் விளிம்பில் இடித்தது. அதிகாரி தலையசைத்து, மீண்டும் ஏதோ சொன்னான்.

“ஒரு வார்த்தை வெட்டிக் காட்டணுமாம். தண்ணீர்னு வெட்டு.”

“எதுலண்ணே வெட்டுறது?” என்று அப்பளசாமி தாழ்ந்த குரலில் கேட்டான்.

“டின்னுலதான். எதிர்ல இருக்குல்ல, உளி, சுத்தி எல்லாம். சீக்கிரம் வெட்டித் தொலை,” என்று மணியம் உதட்டை அசைக்காமல் சொன்னான்.

எதிரில் இருந்தவை பரஞ்சோதியின் உளியும் சுத்தியலும். அவற்றை அப்பளசாமி பற்றிய விதத்தைப் பார்த்து அவருக்குப் பல் கூசியது. வெட்டுவதற்கு முன் அவன் கரியால் வரைந்தான். தகரம் குறுகியது என்பதை அவன் பொருட்படுத்தவில்லை. தகரத்தின் பாதியை ‘த’ ஒன்றே விழுங்கிவிட்டது. மற்ற எழுத்துகள் நெரிசல் பஸ்ஸில் ஏறியவைபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கடைசி எழுத்துக்குக் கீழே, இடமில்லாத இடத்தில், வழக்கம்போல் ஒரு வால். பிறகு வெட்டத் தொடங்கினான். ‘ண’வின் சுழியைச் சுற்றி உளி ஒரு வலம் வந்து முடிந்ததும், நடு கழன்று தரையில் விழுந்து, உருண்டு வந்து பரஞ்சோதியின் காலடியில் கிடந்தது. அவர் மென்றுகொண்டேயிருந்தார். அடுத்த சுழியின் நடுவும் விழுந்தது. அப்பளசாமி எதையும் கவனிக்கவில்லை. தகரத்தைப் பெட்டியின்மேல் வைத்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பவனைப் போல மையை இழுத்து இழுத்துப் பூசினான்.

தகரத்தை எடுத்தபோது பெட்டியின்மேல் தண்ணீர் இல்லை. சில கறுப்புக் குமிழிகளும் ஒரு வாலும் இருந்தன.

அதிகாரி குனிந்து பார்த்தான். சுவரில் இருந்த வரியைப் பார்த்தான். மறுபடியும் பெட்டியைப் பார்த்தான். “யோஷி,” என்றான்.

“நல்லா இருக்காம்!” என்று மணியம் பெருமூச்சு விட்டான்.

பரஞ்சோதி அப்போது அடைந்த திகைப்பு கொஞ்சமன்று. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து, இரண்டும் ஒன்றென்று கொண்டவனைத்தானா நேற்றுத் தாம் கண்ணுள்ளவன் என்று மெச்சினோம்! குரங்குக்குத் தொப்பி வைத்து வாள் கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி அவர் உள்ளம் கசந்தது. ஆயினும் வாயைத் திறக்கவில்லை. தாம் தப்பிவிட்டோம் என்பதை அவர் அறிந்தார். மணியம் அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். அதிகாரி கையுறையை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினான். அத்துடன் எல்லாம் முடிந்திருக்கும்.

புகழ் தலைக்கேறிய அப்பளசாமி அதனை முடியவிடவில்லை. அலமாரியில் வரிசையாய் அடுக்கியிருந்த தகடுகளுள் ஒன்றை உருவினான். அது பரஞ்சோதியின் ‘ண’.

“அண்ணே, தொரைகிட்ட சொல்லுங்க,” என்றான். “இதுல அங்கங்க வெட்டாம விட்டுப்போச்சு. அப்ப அவசரத்துல செஞ்சது. கோடு எல்லாம் அறுந்து அறுந்து நிக்குது பாருங்க, அசிங்கமா. இப்பவே சரிபண்ணி முழுசா குடுத்துடுறேன்.”

சொல்லிக்கொண்டே, மேற்பாலத்தின்மேல் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். நூல்போன்ற அப்பாலம் அறுந்தது. சுழியின் நடு ஒரு பக்கமாய்த் தலைசாய்த்தது. உளி கீழ்ப்பாலத்துக்கு நகர்ந்தது.

“டேய்!”

வெற்றிலைச் சாறு பெட்டியின்மேல் தெறித்தது. எப்போது நடந்தார், எப்படிக் குறுக்கே வந்தார் என்பது பரஞ்சோதிக்கே தெரியாது. அப்பளசாமியின் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது.

“எடுறா கையை! மடப்பயலே, விட்டுப்போச்சா? அது பாலம்டா! அதை வெட்டிப்புட்டா நடு எங்கடா நிக்கும், ஒங்கப்பன் தலையிலயா? சுண்ணாம்பு அடிக்கிற கையை வச்சுக்கிட்டு என் தகட்டைத் தொடுறியா?”

“அண்ணே, நான் ஒண்ணும்...”

“பேசாத! மாவிலை போடுற மூஞ்சி! தள்ளு! இங்க பாரு, கண்ணு இருந்தா பாரு!”

புதிய தகரம் ஒன்றை இழுத்து வைத்தார். கரியால் வரையவில்லை, வரைந்துகொண்டு வெட்டுபவரை அவர் மதிப்பதில்லை. உளி நேராக இறங்கியது. ஒல்லியான ‘த’ நின்றது, அதனை ஒட்டி ‘ண்’, அடுத்தது, அதற்கடுத்தது. “இங்க மேல ஒண்ணு விட்டேனா? இங்க கீழ ஒண்ணு. விழுதா? விழச் சொல்லு பாப்போம்!” என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசை வைத்தார். தட்டும் வசையும் தவிர ஸ்டோரில் வேறு ஓசை இல்லை என்பது அவர் காதில் ஏறவில்லை. வெட்டி முடித்து, பெட்டியின் சுத்தமான பக்கத்தில் தகட்டை அழுத்தி, மையை ஒற்றியெடுத்தார். குறுகிய பலகையில், ஓரத்தில் இன்னும் இடம் மிச்சமிருக்க, ‘தண்ணீர்’ என்று நின்றது.

“பாத்தியா?” என்று நிமிர்ந்தார்.

“ஆமாண்ணே,” என்றான் அப்பளசாமி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு. “நல்லாத்தான் இருக்கு. ஆனா கோடு அறுந்துல்ல இருக்கு?”

அதிகாரி சிரித்தான். மணியம் கண்களை மூடிக்கொண்டான். மொழிபெயர்ப்பதற்கு அங்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்பளசாமியின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வாசலுக்கு வெளியே போய் விழுந்தான். அடுத்து அதிகாரியின் கை பரஞ்சோதியின் தோளில், அன்போடு இறங்கியது.

அன்று பிற்பகலே லாரி. அதற்குள் மணியம் உண்மையைக் கக்கிவிட்டிருந்தான்: எழுத்து வெட்டியவனுக்குச் சயாம் என்பதும், அது கிராணிக்கு முன்பே தெரியும் என்பதும் தோட்டம் முழுவதும் பரவிவிட்டன. அறிவில்லாத கூட்டம் அவற்றைச் சேர்த்து வைத்து ஒரு கதை கட்டியது. ஒன்றுமறியாத அப்பளசாமி சாகப் போவதைக் காணப் பொறுக்காமல், கிராணி தாமே முன்வந்து தம்மைக் கொடுத்தார் என்றனர். நேற்றுவரை அவர் முதுகுக்குப் பின்னால் அவரைப் போல் காறித் துப்பிக் காட்டியவர்கள் இன்று கைகூப்பினர்.

அப்பளசாமி தன் மனைவி ராக்காயியோடும் பிள்ளைகளோடும் வந்து அவர் காலில் விழுந்தான். “சாமி, எங்க குடும்பமே ஒங்களுக்கு அடிமைங்க!”

“எந்திரிடா. ஒன்னைக் காப்பாத்தணும்னு எவன் நெனச்சான்? நீ போயிருந்தா எனக்கு நிம்மதி. ஒன் கையைப் பாக்கப் பொறுக்கல, அவ்வளவுதான்.”

ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். “பெரிய மனசுக்காரங்க இப்பிடித்தான் மறைச்சுப் பேசுவாங்க.”

மெய்யை மெய்யென்று சொல்லியும் நம்பாத இந்தப் பிறவிகளோடு பேசிப் பயனில்லை என்று பரஞ்சோதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பிய பக்கத்தில் பிரேமாவதி நின்றாள். வேட்டியும் போர்வையும் கட்டிய மூட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. “இவங்க சொல்றதைக் கேட்டு நம்பிக்கிட்டுப் போயிடாதீங்க. ஒங்களை எனக்குத் தெரியும்.”

“நான் எங்க நம்பினேன்?”

“தெரியும். ஒரு சுழிக்காக என் தாலியை அறுக்கப் போறீங்க.”

ஒரு சுழியா? அது எப்பேர்ப்பட்ட சுழி என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இறுதியில், “ஸ்டோர் பக்கம் அந்தப் பயலை விட்டுடாதே,” என்றார். பிரேமாவதி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். எழுதத் தெரியாதவனை அவர் பார்க்கும் அதே பார்வை. பின்னர், லாரி புறப்படும்வரை நில்லாமல் வீட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

லாரியில் வேறு தோட்டங்களிலிருந்து பிடிக்கப்பட்டவர்கள் மாடுகளைப்போல் அடைபட்டு நின்றனர். வண்டி திகாம் பத்தைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவன், குழந்தைவேலு என்று பெயர் சொன்னவன், பரஞ்சோதியின் சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“கிராணியைக் கூடவா ஏத்துறானுங்க? நீங்க என்னாண்ணே பண்ணீங்க?”

பரஞ்சோதி நடந்ததைச் சொன்னார். குறுகிய பலகைக்கு ஒல்லி எழுத்து ஏன் என்பதையும், பாலம் ஏன் என்பதையும், அதனை அறுக்க வந்தவன் எத்தகைய மூடன் என்பதையும் விரித்துரைத்தார். லாரியின் குலுக்கலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தபடியே பலரும் கேட்டனர்.

குழந்தைவேலு தலையைச் சொறிந்தான். “சரிண்ணே. அந்த நடுவு உழுந்தா உழுந்துட்டுப் போவுது. கறுப்பா ஒரு பொட்டு தெரியும். படிக்கிறவன் தண்ணின்னு படிச்சுக்க மாட்டானா?”

“அதானே லா!” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தனர்.

பரஞ்சோதி குழந்தைவேலுவை ஏற இறங்கப் பார்த்தார். சயாம் போய்ச் சேரும்வரை இவனோடும் இவனைப் போன்றவர்களோடும்தானா என்று எண்ணி லாரிக்கு வெளியே காறித் துப்பினார். ஒரு கையால் லாரியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மறுகையின் விரலால், புழுதி படிந்த பக்கப்பலகையில் ஒரு வட்டம் போட்டார்.

“மடையா, இங்க பாரு,” என்று முதலிலிருந்து தொடங்கினார்.